தாயின் பெயர்: தகவல் இல்லை

டீச்சர்னு சொன்னீங்களே, அப்ப இந்த அட்டையில தப்பு ஏதும் இருந்தா இப்பவே சொல்லிடுங்க. பார்லிமென்ட் வாசல்ல போய் நின்ன பிறகு யாராவது பார்த்துச் சிரிச்சா எனக்குத் தாங்காது. 'பிறந்த மண்ணில் பிறப்புரிமை.' முன்பக்கம் தமிழ், பின்பக்கம் மலாய். இரண்டும் என் கையெழுத்துதான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல மூணாம் வகுப்பு வரைக்கும்தான் படிச்சேன். அப்புறம் செம்பனை ஆலையில லாரிக்கு எடை போடுற வேலை. ஒரு லாரி போய் அடுத்த லாரி வர்றதுக்குள்ள கிடைக்கிற நேரத்துல அகராதியை வச்சுக்கிட்டு நானா படிச்சதுதான் மலாய், இங்கிலீஷ் எல்லாம். அரசியலமைப்புச் சட்டத்துல குடியுரிமைப் பகுதியை என்கிட்ட கேளுங்க. வரி வரியாச் சொல்வேன்.

என் பேர் சன்னாசி. நாங்க தெலுக் இந்தான். நீங்க பீடோர்ல ஏறும்போதே கையில ஃபைல் வச்சிருந்ததைப் பார்த்தேன். இந்த பஸ்ல ஃபைல் இல்லாத ஆள் ஓட்டுநர் ஒருத்தர்தான்.

அதோ முன்னால, இரண்டாவது வரிசை, மஞ்சள் சட்டை. குனிஞ்சு எழுதிக்கிட்டிருக்கே, அதுதான் என் மக லோஷினி. பக்கத்துல கண்ணாடி போட்டவங்க வக்கீல் ரேணு. குடியுரிமைக்காகப் போராடுற நம்ம சங்கத்துக்குக் காசு வாங்காம வேலை பார்க்கிறவங்க. லோஷினி ஓடுற பஸ்லகூட கோணாம எழுதும். அவங்க அம்மா அஞ்சலை பார்த்திருக்கணும். போய்ச் சேர்ந்து அஞ்சு வருஷம் ஆச்சு.

உங்க பையன் பாங்காக்ல பிறந்தான்னு சொன்னீங்க. தாய் இந்த நாட்டுக்காரி, பிள்ளை மட்டும் வெளிநாட்டுக்காரன். அநியாயம்தான். இப்ப பார்லிமென்ட்டுக்கு வந்திருக்கிற இந்த மசோதா நிறைவேறினா உங்களை மாதிரி அம்மாமாருக்கு விடிவு கிடைக்கும். கிடைக்கட்டும், சந்தோஷம். ஆனா அதே தாள்ல அடுத்த பக்கத்தைத் திருப்பினா எங்ககிட்ட இருந்து பிடுங்குறாங்க. ஒரு கையில கொடுத்து இன்னொரு கையில எடுக்கிறாங்க. நீங்க அதுக்குத்தான் எங்க கூட வர்றேன்னீங்களே, 'எனக்குக் கொடுக்கிறது இன்னொரு பிள்ளைகிட்ட பறிச்சதா இருக்க வேண்டாம்'னு, அது பெரிய வார்த்தை. உங்க வயித்துல பிறந்தவன் கொடுத்து வச்சவன்.

எங்க சங்கதி இதுதான். குடியுரிமை இல்லாத பிள்ளைக்கு இப்ப இருக்கிற சட்டப்படி இருபத்தோரு வயசு வரைக்கும் அரசாங்கத்துக்கு மனு போடலாம். மசோதா வந்துட்டா பதினெட்டோட கதவு சாத்தியாச்சு. லோஷினிக்கு அடுத்த மாசம் மூணாந்தேதி பதினெட்டு முடியுது. இன்னும் பத்தொன்பது நாள். மூணு தடவை மனு போட்டோம். மூணு தடவையும் 'நிராகரிக்கப்பட்டது'ன்னு ஒரு வரி. பிறப்புப் பத்திரத்துல குடிமகள் இல்லைன்னு அச்சடிச்சிருக்கு. பிறந்தது தோட்டத்து மருத்துவச்சி வீட்டுல. வளர்ந்தது என் வீட்டுல. இந்த மண்ணை விட்டு ஒரு நாள் வெளியில போனதில்லை. எப்படிப் போகும்? பாஸ்போர்ட் இருந்தாத்தானே!

ஆமா, பெத்த பிள்ளை இல்லை. எடுத்து வளர்த்தோம். அது லோஷினிக்கும் தெரியும். மறைச்சு வச்சதே கிடையாது. நான் ஒளிவு மறைவு இல்லாத மனுஷன், டீச்சர். ஆலையில முப்பத்தொரு வருஷம் எடை போட்டேன். ஒரு கிலோ கூட்டிப் போட்டதில்லை, குறைச்சுப் போட்டதில்லை.

இன்னைக்குக் காலையில பஸ் ஏறும்போது ரேணு என்னைத் தனியாக் கூப்பிட்டாங்க. "அங்கிள், கடைசியா ஒரு தடவை கேட்கிறேன். பெத்தவங்களைப் பத்தி ஏதாவது தெரியுமா? ஒரு பேர் போதும்"னாங்க.

"எதுக்கும்மா?"ன்னேன்.

"பெத்தவ இந்த நாட்டுக் குடிமகளா இருந்தா இந்த மனுவே தேவையில்லை அங்கிள். அப்பா யாருன்னும் தேவையில்லை. பெத்தவ வந்து நிக்கணும், ரத்தப் பரிசோதனைக்கு ஒத்துக்கணும். அவ்வளவுதான். லோஷினி பிறந்த நிமிஷத்துல இருந்தே குடிமகள். எந்த மசோதாவும் அவளைத் தொட முடியாது."

சட்டம் எனக்குத் தெரியாதா? இரண்டாவது அட்டவணை, அதுல இருக்கு. நான் சொன்னேன், "கோயில்ல கிடைச்ச பிள்ளைம்மா. அம்மன் கொடுத்தது."

பொய்யா அது? பொய் இல்லை. கோயில்லதான் கிடைச்சது.

என்ன அப்படிப் பார்க்கிறீங்க? சரி, சொல்றேன். கோலாலம்பூர் போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு.

தவிட்டுக்கு வாங்குறதுன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? உங்க வயசுக்காரங்களுக்குத் தெரியாது. பிள்ளை இல்லாதவங்க இன்னொருத்தர் பிள்ளையை எடுக்கும்போது சும்மா எடுக்கக் கூடாது. கோயில்ல வச்சு, பெத்தவ மடியில ஒரு முறம் தவிட்டைக் கொட்டணும். பிள்ளையைக் கையில வாங்கிக்கணும். தவிட்டுக்கு வித்தாச்சு. இனிமே அவளுக்கும் பிள்ளைக்கும் ஒண்ணும் கிடையாது. அவ திரும்பிப் பார்க்காம வாசலைத் தாண்டிப் போயிடணும். அப்பத்தான் பிள்ளை தங்கும். அஞ்சலைக்கு நாலு கலைஞ்சது டீச்சர். நாலு. அதனால எல்லாம் முறைப்படி செய்யணும்னு நான் சொல்லிட்டேன்.

தவிடு கிடைக்கலை. ஊர்ல ஏது தவிடு? கோழித் தீவனக் கடையில இரண்டு கிலோ வாங்கிட்டு வந்தேன். பூசாரி மோந்து பார்த்துட்டு, "என்னய்யா, மீன் தூள் கலந்த வாடை அடிக்குது"ன்னார். "அம்மனுக்குத் தெரியும், கொட்டுங்க"ன்னேன்.

அந்தப் பொண்ணு சின்னப் பொண்ணு. பத்தொன்பது இருக்கும். கையுறைத் தொழிற்சாலையில வேலை, ஆஸ்டல்ல தங்கியிருந்துச்சு. ஏமாத்தினவன் எங்கேயோ ஓடிட்டான். மருத்துவச்சி மூலமாத்தான் எங்களுக்குத் தெரியும். பிள்ளைக்குப் பதினோரு நாள். மடியில தவிட்டைக் கொட்டினதும் அதை அப்படியே ஏந்திக்கிட்டு நிக்குது. நகரவே இல்லை. அஞ்சலை கையில பிள்ளை பாலுக்கு அழுவுது. பூசாரி அதட்டினார், "யோகேஸ்வரி, நிக்காத. திரும்பாமப் போ. நேரம் போவுது." அப்புறம்தான் போச்சு. வாசப்படியில தவிடு கொஞ்சம் சிந்துச்சு. ஆனா திரும்பிப் பார்க்கலை. முறைப்படி நடந்துச்சு.

கோயில் தலைவர் கோயில் தாள்லயே எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். 'அம்மன் சாட்சியாக இக்குழந்தை சன்னாசி, அஞ்சலை தம்பதியருக்கே உரியது.' அதைப் பிளாஸ்டிக் உறையில போட்டுப் பதிவு அலுவலகத்துக்கு எடுத்துக்கிட்டுப் போனேன். கவுன்டர்ல ஒரு மலாய்க்கார அம்மா, நல்ல மாதிரி. திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "பாக்சிக், இது என்ன, கல்யாண ரசீதா?"ன்னாங்க. விளக்கிச் சொன்னேன். அவங்களுக்குத் தவிடுன்னா என்னன்னே புரியலை. கடைசியில, "சரி, பெத்தவ பேர் என்ன?"ன்னு பேனாவை எடுத்தாங்க.

"தெரியாது"ன்னேன்.

தெரியாதுன்னுதானே சொல்லணும்? வித்தாச்சு, வாங்கியாச்சு, உறவு அறுந்தாச்சு. இல்லாத உறவை எப்படி எழுதச் சொல்றது? அவங்க எழுதிக்கிட்டாங்க. தாயின் பெயர்: தகவல் இல்லை. அது அப்படியே குடிமகள் இல்லைன்னு போய் முடியும்னு அன்னைக்கு எனக்கு யார் சொன்னா? தத்து எடுத்தா நம்ம குடியுரிமை தானா வந்துடும்னு நினைச்சேன். ஊர்ல எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்க. எங்க தோட்டத்துல மட்டும் தவிட்டுக்கு வாங்கின பிள்ளைங்க மூணு பேர் இருக்கு. மூணு பேருக்கும் குடிமக்களுக்குக் கொடுக்கிற நீல அடையாள அட்டை, அந்த ஐசி, இல்லை.

என்ன கேட்டீங்க? யாரு யோகேஸ்வரி?

நானா சொன்னேன்?

இல்லையே. பூசாரி சொன்னார்னு... சரி, வாயில வந்துடுச்சு. டீச்சர், அதை மறந்துடுங்க. தயவுசெஞ்சு. பதினெட்டு வருஷத்துல யார்கிட்டயும் சொன்னதில்லை. வீட்டுல கூட நானும் அஞ்சலையும் 'அந்தப் பொண்ணு'ன்னுதான் சொல்வோம்.

இல்லை, குரலை இறக்கிப் பேசுங்க. முன் சீட்டுல ஆள் இருக்கு.

அப்ப எனக்குத் தெரியும்தானேன்னு கேட்டா, நான் என்ன சொல்றது? பேர் தெரியும். பேர் தெரிஞ்சா ஆளைத் தெரியும்னு அர்த்தமா? இந்த நாட்டுல எத்தனை யோகேஸ்வரி!

உங்களுக்குக் கோபம் வருது. வரட்டும். ஆனா எங்க தரப்பையும் கேளுங்க. அந்தப் பொண்ணுக்கு ஒரு வாழ்க்கை வேண்டாமா? எங்கேயோ கல்யாணம் கட்டி, பிள்ளை குட்டியோட இருக்கும். நான் போய்ப் பேரைச் சொல்லி, அரசாங்கக் கடிதாசி அது வீட்டுக் கதவைத் தட்டினா குடும்பம் என்ன ஆகும்? அதைக் காப்பாத்துறதுக்குத்தான் நான் வாயைத் திறக்கலை. ஒரு பொம்பளைப் பிள்ளை மானம், டீச்சர்.

எப்படித் தெரியும்னா? என்ன எப்படித் தெரியும்? கல்யாணம் ஆனதா?

தைப்பிங்ல இருக்கு. சரி, இவ்வளவு சொல்லியாச்சு, இதையும் சொல்லிடறேன்.

அப்ப லோஷினிக்குப் பன்னிரண்டு வயசு. ஐசி எடுக்கிற வயசு. பள்ளிக்கூடத்துல வகுப்போட பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. பெருவிரல் ரேகை சுத்தமா விழணும்னு யாரோ சொன்னாங்கன்னு காலையில துணி தோய்க்கிற பிரஷ்ஷை எடுத்துத் தேய்ச்சுத் தேய்ச்சு விரலைச் சிவக்க வச்சுக்கிட்டுப் போச்சு. மத்தியானம் திரும்பி வந்துச்சு. மத்தப் பிள்ளைங்க கையில தற்காலிகச் சீட்டு. இதுகிட்ட விரலை வைன்னு யாரும் கேட்கலையாம். அழுவலை. சோறு சாப்பிடும்போது இடது கையால அந்த விரலை மறைச்சுக்கிட்டே சாப்பிட்டுச்சு. அஞ்சலை பார்த்துக்கிட்டே இருந்தா.

அடுத்த வாரம், ஞாயித்துக்கிழமை, லோஷினி டியூஷன் போயிருந்த நேரம், கேட்ல வந்து நிக்குது அந்தப் பொண்ணு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. எப்படி விலாசம் கிடைச்சதோ, யார் சொன்னாங்களோ, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அஞ்சலை மட்டும் பதறவே இல்லை. மேசையில மூணு கப் தேத்தண்ணி ஆத்தி வச்சிருந்தா. அந்தப் பொண்ணு வர்றதுக்கு முன்னாலயே வச்சிருந்தா. அவளுக்கு எப்பவும் ஒரு கப் கூடப் போட்டு வைக்கிற பழக்கம்.

"மாமா, என் ஐசி கொண்டு வந்திருக்கேன்"னு பையைத் திறந்து எடுத்துச்சு. நீலம். "எங்க கையெழுத்துப் போடணுமோ போடுறேன். இரத்தம் எடுக்கணும்னாலும் எடுத்துக்கட்டும். எங்க வீட்டுக்காரர்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன். அவரே தைப்பிங்ல இருந்து கூட்டிக்கிட்டு வந்தார். வெளியில கார்ல இருக்கார்."

"உனக்கு எதுவும் வேணுமா?"ன்னேன்.

"ஒண்ணும் வேணாம் மாமா. பிள்ளைக்கு ஐசி கிடைக்கட்டும். பார்க்கக் கூடாதுன்னா பார்க்கக்கூட மாட்டேன்."

இதைக் கேட்டா நல்லாத்தான் இருக்கும், டீச்சர். ஆனா நான் உலகம் பார்த்தவன். இன்னைக்குப் பார்க்க மாட்டேன்னு சொல்லும். நாளைக்குப் பரிசோதனைக்கு இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல நாற்காலியில உட்காரணும். உட்கார்ந்தா முகத்தைப் பார்க்காதா? லோஷினிக்கு அதே மூக்கு. அதே மாதிரி நெத்தியைச் சுருக்கும். பார்த்த பிறகு? "அம்மா"ன்னு ஒரு வார்த்தை வாயில வந்துட்டா அஞ்சலை எங்க போவா? நான் எங்க போவேன்?

அதெல்லாம் நான் சொல்லலை. முறையை மட்டும் சொன்னேன். "தவிட்டுக்கு வாங்கின பிள்ளை. நீ திரும்பிப் பார்க்கக் கூடாது. இது நான் போட்ட சட்டமில்லை. எங்க பிள்ளைக்கு நாங்க நேர் வழியிலேயே வாங்கிக் கொடுப்போம்"னேன். அது அழுதுக்கிட்டே ஒரு துண்டுச் சீட்டுல போன் நம்பரை எழுதி வச்சுட்டுப் போச்சு. தேத்தண்ணியைத் தொடவே இல்லை. அஞ்சலை அன்னைக்குப் பூரா என்கிட்ட பேசலை.

அதுக்கப்புறம் நான் சும்மா இருந்தேனா? கேளுங்க. அதுக்கப்புறம்தான் எல்லாத்தையும் ஆரம்பிச்சேன். சட்டப் புத்தகம் வாங்கினேன். சங்கத்துல சேர்ந்தேன். எத்தனை எம்.பி. வீட்டு வாசல்ல நின்னிருக்கேன் தெரியுமா? ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எதையும் விடலை. ஒரு வைபி, "பிறப்புரிமைக்காக இப்படிப் போராடுற மனுஷனை நான் பார்த்ததில்லை"ன்னு எல்லார் முன்னாலயும் தோளைத் தட்டினார். நூத்துக்கு மேல கடிதம். பிறந்த உரிமையைத் தொடாதேன்னு மகஜர் எழுதினது யாருன்னு நினைக்கிறீங்க? இன்னைக்குக் கொடுக்கப் போற மகஜரும் நான் எழுதினதுதான். ரேணு ஒரு இடத்துலதான் திருத்தினாங்க. ஒரு அப்பன் இதைவிட என்ன செய்யணும்?

அஞ்சலை கடைசியா ஆஸ்பத்திரியில இருந்தப்போ, "சொல்லிடுங்க, சொல்லிடுங்க"ன்னு முணுமுணுத்துக்கிட்டே இருந்தா. எதைச் சொல்லணும்னு அவளுக்கே தெரியாது பாவம். மருந்து மயக்கம். நர்ஸும் அப்படித்தான் சொன்னாங்க.

போன் நம்பரா? அது... இருக்கு. எறியலை. எறிய மனசு வரலை. ஏன் கேட்கிறீங்க?

இதோ டோல் வந்துடுச்சு. ஜாலான் டூத்தா. இதைத் தாண்டினா பார்லிமென்ட் பக்கம்தான். எல்லாரும் அட்டையை எடுக்கிறாங்க பாருங்க.

ரேணு மைக்ல என்ன சொல்றாங்க? காது கொஞ்சம் மந்தம் எனக்கு. தனிப்பட்ட மனுவையும் மகஜரோட சேர்த்துக் கொடுக்கப் போறாங்களா? திருத்தம் இருந்தா இறங்குறதுக்கு முன்னாலயே சொல்லணுமா? கொடுத்த பிறகு மாத்த முடியாதா? சரி, சரி. எங்களுக்கு ஒண்ணும் திருத்தம் இல்லை. லோஷினி எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கும்.

டீச்சர், ஏன் எழுந்திருக்கிறீங்க? பஸ் ஓடிக்கிட்டிருக்கு, விழுந்துடுவீங்க. உட்காருங்க.

என்ன சொல்றீங்க? நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமான்னா? இது என்ன கேள்வி? இன்னைக்குக் காலையில வரைக்கும் நீங்க யாரோ, நான் யாரோ. உட்காருங்கம்மா, உங்க கையைப் பிடிச்சுக் கேட்கிறேன். நானே சொல்லிக்கிறேன். இன்னைக்கு இது முடியட்டும். மசோதா நிக்குதா இல்லையான்னு பார்ப்போம். நின்னுடுச்சுன்னா ஒண்ணும் தேவையில்லையே. இருபத்தோரு வயசு வரைக்கும் நேரம் இருக்கே. நிக்கலைன்னா அப்ப...

பத்தொன்பது நாள், தெரியும். எனக்கா தெரியாது?

நீங்க ஒரு தாய். உங்களுக்குப் புரியும். அந்த வீட்டுல இப்ப நாங்க இரண்டே பேர்தான். சாயந்திரம் அது பள்ளிக்கூடத்துல இருந்து வந்து கதவைத் திறக்கிற சத்தம் கேட்கலைன்னா நான்...

நீங்க உட்கார மாட்டீங்க போல.

ஐயோ, அதுவே எழுந்து வருது. நாம பேசினதைப் பார்த்துடுச்சு. கையில ஃபாரம். டீச்சர், முகத்தை அப்படி வச்சுக்காதீங்க, அது எதையும் கண்டுபிடிச்சுடும்.

"என்னப்பா? ஏன் வேர்க்குது உங்களுக்கு? தண்ணி வேணுமா?"

"ஒண்ணும் வேணாம்மா. நீ இங்க உட்காரு. என் இடத்துல உட்காரு. இவங்க பீடோர்ல டீச்சரா இருக்காங்க. உன்கிட்ட என்னமோ சொல்லணுமாம். பேனாவை மூடாத, எழுத வேண்டியிருக்கும். இந்தா, என் பர்ஸ். உள்ள ஒரு சீட்டு இருக்கும், அம்மா போட்டோவுக்குப் பின்னால. டீச்சர் கேட்டா எடுத்துக் கொடு. நான் முன்னால போய் நின்னுக்கிறேன்."

சொல்லுங்க, டீச்சர்.